துளை–கழுந்துக் கதவுகளுக்கான ஷேப்பர் கட்டர் தேர்வு

துளை–கழுந்துக் கதவு என்பது நெடுஞ்சட்டங்களில் துளை அடித்து, குறுக்குச்சட்டங்களின் முனைகளில் கழுந்து எடுத்து, ஒன்றை மற்றொன்றுக்குள் செலுத்திப் பூட்டிச் செய்யப்படும் மரக்கதவு ஆகும். பட்டறைகளில் துளையை மார்டிஸ் என்றும் கழுந்தை டெனான் என்றும் சொல்வது வழக்கம். சட்டங்களின் உள்ளோரத்தில் ஓடும் காடிக்குள் பலகைகள் நிற்கும். அந்த ஓரத்தில் அழகுக்காக ஒரு மோல்டிங்கும் ஓடும். முன்பு இழைப்புளியாலும் உளியாலும் செய்யப்பட்ட காடி, மோல்டிங், கழுந்தின் தோள் ஆகியவற்றை இன்று பெரும்பாலும் ஷேப்பர் இயந்திரத்தில் செய்கிறார்கள்.

ஷேப்பர் என்பது மேசையின் நடுவே செங்குத்தாக நின்று சுழலும் ஸ்பிண்டிலைக் கொண்ட மரவேலை இயந்திரம். இதை ஸ்பிண்டில் மோல்டர் என்றும் அழைப்பர். ஸ்பிண்டிலில் மாட்டும் வெட்டும் கருவியே கட்டர். எந்த கட்டரை மாட்டுகிறோமோ அதன் வடிவமே மரத்தில் விழும். ஆகவே கட்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே கதவின் அழகும் வலிமையும் பெருமளவு முடிவாகிவிடுகின்றன.

கட்டர் தேர்வில் முதன்மையான விதி ஒன்று உண்டு. முதலில் கழுந்தின் நீளத்தையும் பருமனையும் முடிவு செய்ய வேண்டும்; அதன் பின்னரே கட்டரை வாங்க வேண்டும். கையில் இருக்கும் கட்டருக்கு ஏற்பக் கழுந்தைக் குறைத்தால், கதவு பார்வைக்குச் சரியாக இருந்தாலும் சில ஆண்டுகளில் தொங்கத் தொடங்கும்.

## இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் மரமும்

விருதுநகர் மாவட்டத்தின் இவ்விரு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ளன. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 இரண்டு ஊர்களின் வழியாகவும் செல்கிறது. அதே சாலை தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்தின் தேக்குப் பகுதிகளை அடைகிறது. கிழக்கே தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டு மரங்கள் இறங்குகின்றன.

மலை அருகிலிருந்தாலும் அங்குள்ள காடு மரம் வெட்டுவதற்கான இடமல்ல. சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் உருவானது. எனவே கதவுக்கான மரம் கேரளத்துத் தேக்காகவோ, பட்டா நிலத்தில் வளர்ந்த தேக்கு, வேம்பு, பூவரசு, வாகை போன்ற நாட்டு மரமாகவோ, இறக்குமதி மரமாகவோ இருக்கும். மியான்மர் 2014-இல் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு இந்தியச் சந்தையில் கூடுதலாகப் புழங்குகிறது. தோட்டத் தேக்கில் வெளுத்த பால்மரமும் கணுக்களும் அதிகமாக இருக்கலாம். கட்டரின் பல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை இது பாதிக்கிறது.

இவ்வட்டாரத்துத் தட்பவெப்பமும் கவனிக்க வேண்டியது. சித்திரை, வைகாசி வெயிலில் மரம் நன்றாக உலர்ந்து சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்து உப்புகிறது. கதவின் காடி எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதை இந்த அசைவே முடிவு செய்கிறது.

துளை–கழுந்து இவ்வூர்களுக்குப் புதிதல்ல. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் ஓடும் பெருந்தேர் போன்ற தமிழகத் தேர்களின் கட்டுமானத்தில் பெரும்பாரத்தைத் தாங்குவது இத்தகைய மர இணைப்புகளே. உலக அளவில் இது மிகப் பழைய இணைப்பு. எகிப்தின் கீசாவில் 1954-இல் கண்டெடுக்கப்பட்ட கூஃபு மன்னரின் மரக்கலத்திலும், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முந்தைய துளை–கழுந்து இணைப்புகள் உள்ளன.

## கழுந்து ஏன் நீளமாக இருக்க வேண்டும்

7 அடி உயரமும் 3 அடி அகலமும் ஒன்றரை அங்குலப் பருமனும் கொண்ட தேக்குக் கதவு ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். இந்த எடை முழுவதும் ஒரு பக்கக் கீல்களில் தொங்குகிறது. கீல் இல்லாத பக்கம் ஒவ்வொரு நொடியும் கீழே இறங்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது குறுக்குச்சட்டங்களின் கழுந்துகள் மட்டுமே. பலகை காடிக்குள் தளர்வாக நிற்பதால் அது பாரம் தாங்காது.

சமையலறை அலமாரிக் கதவுகளுக்காக விற்கப்படும் கட்டர் தொகுப்புகள், காடியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு நீளக் கழுந்தையே தரும். அது 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். 100 மி.மீ. அகலச் சட்டத்தில் 12 மி.மீ. கழுந்து இருந்தால், பசை பிடிக்கும் பரப்பு இரு முகமும் சேர்த்து 2,400 சதுர மி.மீ. மட்டுமே. அதே சட்டத்தில் 65 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் கொண்ட ஊடுகழுந்து, அதாவது நெடுஞ்சட்டத்தை முழுதும் துளைத்து மறுபக்கம் வரும் கழுந்து இருந்தால், பரப்பு 13,000 சதுர மி.மீ. ஆகிறது. இது ஐந்து மடங்குக்கும் மேல். அதோடு ஊடுகழுந்தில் ஆப்பு அடிக்கலாம்; மூங்கில் ஆணியும் இறக்கலாம். பசை விட்டுப்போனாலும் கதவு நிற்கும்.

அலமாரிக் கதவு சில கிலோ எடைதான் இருக்கும். அதற்குக் குட்டைக் கழுந்து போதும். தலைவாசல் கதவுக்கு அது போதாது.

## கழுந்தின் பருமனும் காடியின் அகலமும்

கழுந்தின் பருமன் சட்டத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது தச்சரின் பொது விதி. மத்தியப் பொதுப்பணித்துறையின் விவரக்குறிப்பும் இதையே சொல்கிறது. 180 மி.மீ.-க்கு மேல் அகலமுள்ள குறுக்குச்சட்டத்தில் இரண்டு கழுந்துகள் வேண்டும் என்றும் அது கூறுகிறது. கதவின் அடிச்சட்டம் பெரும்பாலும் இந்த வகையில் வரும்.

இதன்படி 35 முதல் 38 மி.மீ. பருமனுள்ள கதவுக்கு 12 மி.மீ. கழுந்தும், 45 மி.மீ. கதவுக்கு 15 மி.மீ. கழுந்தும் பொருந்தும். காடியின் அகலமும் கழுந்தின் பருமனும் ஒன்றாக இருந்தால் வேலை எளிது. காடி, துளை இரண்டும் ஒரே கோட்டில் அமையும். மேல் குறுக்குச்சட்டத்தில் விடப்படும் குட்டை நாக்கும் காடியை இடைவெளியின்றி நிரப்பும். அலமாரித் தொகுப்புகளின் காடி கட்டர் பெரும்பாலும் 6 மி.மீ. அகலமே கொண்டது. அதைத் தலைவாசல் கதவுக்குப் பயன்படுத்தினால் மெல்லிய காடியும் பருத்த கழுந்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்.

அங்குலமும் மில்லிமீட்டரும் கலப்பது இங்கே அடிக்கடி வரும் சிக்கல். தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து அளப்பார்கள். நான்கு நூல் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. துளை அடிக்கும் இயந்திரத்தின் உளி அரை அங்குலமாகவும் காடி கட்டர் 12 மி.மீ. ஆகவும் இருந்தால் 0.7 மி.மீ. வேறுபாடு வந்துவிடும். பசை நிற்க வேண்டிய இணைப்பில் இது பெரிய இடைவெளி. எனவே உளியின் அகலத்தை அளந்து, அதே அகலமுள்ள காடி கட்டரையே வாங்க வேண்டும். இரண்டு துண்டுகளாக வந்து, நடுவில் மெல்லிய வளையத் தகடு செருகி அகலத்தைக் கூட்டக்கூடிய காடி கட்டர் இதற்கு மிகவும் ஏற்றது.

## மோல்டிங்கும் அதன் எதிர்வடிவமும்

சட்டத்தின் ஓரத்தில் மோல்டிங் ஓடினால், குறுக்குச்சட்டத்தின் முனை அந்த மோல்டிங் மீது சரியாக உட்கார வேண்டும். அதற்கு முனையை மோல்டிங்கின் நேர் எதிர்வடிவத்தில் வெட்ட வேண்டும். எனவே கட்டர்கள் இணையாகவே வாங்கப்படுகின்றன. ஒன்று நீளவாக்கில் மோல்டிங்கையும் காடியையும் வெட்டும். மற்றொன்று முனையில் எதிர்வடிவத்தை வெட்டும். வேறு வேறு நிறுவனங்களின் கட்டர்களை இணை சேர்த்தால் வளைவுகள் மயிரிழை அளவு மாறினாலும் இணைப்பில் வெளிச்சம் தெரியும்.

மோல்டிங்கின் ஆழமும் காடியின் ஆழமும் சமமாக இருக்கும் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டும் 12 மி.மீ. என்றால் கழுந்தின் தோள்களை ஒரே கோட்டில் குறிக்கலாம். ஆழங்கள் வேறுபட்டால் முன்தோளும் பின்தோளும் வெவ்வேறு நீளத்தில் வரும். அது தவறல்ல, ஆனால் ஒவ்வொரு கதவிலும் குறியிடும் வேலை கூடும், பிழைக்கும் இடம் கூடும்.

கதவின் இரண்டு முகத்திலும் மோல்டிங் வேண்டுமா, ஒரு முகத்தில் மட்டும் போதுமா என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒரு முகம் மட்டும் என்றால் மறுமுகத்தின் தோளைச் சாதாரண நேர் கட்டரிலோ வாளிலோ வெட்டிக்கொள்ளலாம்.

## நீளக் கழுந்துக்கு இடம் விடும் கட்டர்

கட்டர் தேர்வின் மையச் சிக்கல் இதுதான். முனையில் எதிர்வடிவம் வெட்டும்போது, ஏற்கெனவே எடுத்த நீளக் கழுந்து ஸ்பிண்டிலில் போய் முட்டக்கூடாது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, விட்டம் பெரிய இரண்டு கட்டர்களை மேலும் கீழுமாக மாட்டி, நடுவில் சிறிய வளையம் வைப்பது. கழுந்து இரண்டு கட்டர்களுக்கும் நடுவே புகுந்து வளையம் வரை செல்லும். இதற்கான கணக்கு எளிது:

கட்டரின் விட்டம் = (கழுந்தின் நீளம் × 2) + நடு வளையத்தின் விட்டம்

வளையத்தின் விட்டம் 50 மி.மீ. என்று கொள்வோம். 125 மி.மீ. கட்டர் 37 மி.மீ. கழுந்துக்கு இடம் தரும். 60 மி.மீ. கழுந்துக்கு 170 மி.மீ. கட்டர் வேண்டும். 100 மி.மீ. சட்டத்தை ஊடுருவும் முழுக் கழுந்துக்கு 250 மி.மீ. கட்டர் தேவைப்படும். அவ்வளவு பெரிய கட்டரைச் சிறிய ஷேப்பர் சுமக்காது. அதன் மேசைத் துவாரத்திலும் அது இறங்காது.

இரண்டாவது வழி, குட்டை ஸ்பிண்டில். இதில் கட்டர் ஸ்பிண்டிலின் உச்சியிலேயே அமர்ந்திருக்கும். அதைப் பிடிக்கும் திருகு கட்டரின் மேல்முகத்துக்குள் அடங்கியிருக்கும். கட்டருக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டிராததால் கழுந்து எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் மேலாகக் கடந்து போகும். ஒரு முகத்தை வெட்டிய பின் சட்டத்தைப் புரட்டி மறுமுகத்தை வெட்டலாம். இந்த முறையில் சட்டங்கள் எல்லாம் ஒரே பருமனில் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். கழுந்து சரியாக நடுவில் இருக்க வேண்டும். அரை மி.மீ. பிசகினாலும் இரு முகங்களும் ஒட்டாது.

மாதம் சில கதவுகள் செய்யும் பட்டறைக்குக் குட்டை ஸ்பிண்டிலும் 125 மி.மீ. எதிர்வடிவ கட்டரும் சிக்கனமான வழி. எனவே ஷேப்பர் வாங்கும்போதே அதன் ஸ்பிண்டிலை மாற்ற முடியுமா, குட்டை ஸ்பிண்டில் கிடைக்குமா என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாவதாக ஒரு மாற்றும் உண்டு. குறுக்குச்சட்டத்தில் கழுந்தே எடுக்காமல், இரண்டு சட்டங்களிலும் துளை அடித்து, தனியாகச் சீவிய மரத்துண்டைக் கழுந்தாகச் செருகலாம். சாதாரண அலமாரி வகைத் தொகுப்பையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் துளை இரண்டு பக்கமும் ஆழமாக இருக்க வேண்டும். செருகும் துண்டு சட்டத்தின் அதே கடின மரமாக இருக்க வேண்டும்.

## விட்டமும் சுழற்சி வேகமும்

கட்டரின் விளிம்பு ஒரு நொடியில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே உண்மையான வெட்டும் வேகம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 3.14-ஆலும் நிமிடச் சுழற்சியாலும் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் இது கிடைக்கும். மரவேலைக்கு நொடிக்கு 40 முதல் 70 மீட்டர் வரை ஏற்ற எல்லையாகக் கருதப்படுகிறது. அதற்கு மிகவும் கீழே போனால் கட்டர் மரத்தைக் கொத்தும், மரம் திருப்பி அடிக்கும் ஆபத்து கூடும். மேலே போனால் கட்டர் சிதறும் ஆபத்து கூடும்.

| கட்டரின் விட்டம் | 4,500 சுழற்சி | 6,000 சுழற்சி | 7,500 சுழற்சி |
|---|---|---|---|
| 100 மி.மீ. | 24 மீ./நொடி | 31 மீ./நொடி | 39 மீ./நொடி |
| 125 மி.மீ. | 29 மீ./நொடி | 39 மீ./நொடி | 49 மீ./நொடி |
| 160 மி.மீ. | 38 மீ./நொடி | 50 மீ./நொடி | 63 மீ./நொடி |
| 200 மி.மீ. | 47 மீ./நொடி | 63 மீ./நொடி | 79 மீ./நொடி |
| 250 மி.மீ. | 59 மீ./நொடி | 79 மீ./நொடி | 98 மீ./நொடி |

அட்டவணை எதைச் சொன்னாலும், கட்டரின் மீது பொறிக்கப்பட்டுள்ள உச்ச சுழற்சி எண்ணே கடைசி வார்த்தை. அதைத் தாண்டவே கூடாது. எண் பொறிக்கப்படாத கட்டரை வாங்காமல் விடுவதே நல்லது.

இயந்திரத்தில் வேக அளவு எழுதப்படாவிட்டால் கப்பியை வைத்துக் கணக்கிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இரட்டைத் துருவ மோட்டார் பாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,880 முறை சுழலும். மோட்டாரில் 160 மி.மீ. கப்பியும் ஸ்பிண்டிலில் 80 மி.மீ. கப்பியும் இருந்தால் ஸ்பிண்டில் 5,760 முறை சுழலும். 125 மி.மீ. கட்டருக்கு அது ஏறத்தாழச் சரியான வேகம்.

மோட்டாரின் திறனையும் பார்க்க வேண்டும். சிறு மோல்டிங்குக்கு ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடும் 2 குதிரைத்திறன் மோட்டார் சமாளிக்கும். தேக்குப் பலகையின் ஓரத்தை அகலமாகச் சரிக்கும் பெரிய கட்டருக்கு மும்முனை இணைப்பும் 3 முதல் 5 குதிரைத்திறனும் வேண்டும். திறன் குறைவாக இருந்தால் ஒரே வெட்டில் முடிக்காமல் இரண்டு, மூன்று வெட்டுகளாகச் செய்யலாம்.

## பல்லின் உலோகமும் மரத்தின் குணமும்

அதிவேக எஃகில் செய்த பல் மிகக் கூராகத் தீட்டப்படும், விலையும் குறைவு. மென்மரத்துக்கு அது நல்லது. ஆனால் தேக்கின் நாரில் சிலிக்கா எனும் மணற்பொருள் கலந்திருப்பதால் எஃகுப் பல் அதில் விரைவில் மழுங்கும். தேக்குக் கதவே பெரும்பாலான வேலை என்றால் டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த கட்டரே சிக்கனம். ஒட்டுப்பலகையை வெட்டுவதற்கும் கார்பைடே வேண்டும், ஏனெனில் அதிலுள்ள பசை எஃகைத் தின்றுவிடும்.

வேம்பு, வேங்கை போன்றவற்றில் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி ஓடும். இத்தகைய மரத்தில் பல் முன்னோக்கி மிகவும் சாய்ந்திருந்தால் நாரைப் பிய்த்தெடுக்கும். ஆகவே சாய்கோணம் குறைந்த, அதாவது 10 முதல் 15 பாகை வரை சாய்ந்த பல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்மரத்துக்கு 20 பாகைக்கு மேலும் போகலாம்.

கட்டரின் அமைப்பிலும் மூன்று வகைகள் உண்டு.

1. வளையங்களுக்கு நடுவே இறுக்கப்படும் தனிக் கத்திகள். எந்த வடிவத்தையும் பட்டறையிலேயே தீட்டிக்கொள்ளலாம். ஆனால் இறுக்கம் தளர்ந்தால் கத்தி துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். கைப்பட மரம் தள்ளும் வேலைக்கு இவற்றைத் தவிர்க்க வேண்டும்.
2. பல் பற்றவைத்த முழு கட்டர். உறுதியானது, சமநிலை உள்ளது. ஒரு கட்டருக்கு ஒரே வடிவம்.
3. கத்தி மாற்றக்கூடிய உருளைத் தலை. ஒரே தலையில் பல வடிவக் கத்திகளை மாட்டலாம். கத்திக்கு முன்னால் தடுப்புத் துண்டு வைத்த வகை பாதுகாப்பானது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 847-1 இன்படி கைத்தள்ளு வேலைக்கான கருவியில் கத்தி அந்தத் தடுப்பைத் தாண்டி 1.1 மி.மீ.-க்கு மேல் நீட்டக்கூடாது. இத்தகைய கருவியில் கைத்தள்ளு வேலைக்கான குறியீடாக எம்ஏஎன் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்.

கட்டரின் நடுத்துவாரம் ஸ்பிண்டிலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 30 மி.மீ., ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று பல அளவுகள் சந்தையில் உள்ளன. தகட்டைச் சுற்றி இடைவெளியை அடைப்பது பெரும் ஆபத்து. துல்லியமாகக் கடைந்த புஷ் மட்டுமே பயன்படுத்தலாம்.

## பலகையும் காடியின் ஆழமும்

தேக்கு, மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். ஆனாலும் அசையாத மரம் கிடையாது. வளையக் கோட்டை ஒட்டி அறுத்த 250 மி.மீ. அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 4 விழுக்காடு மாறினால், அதன் அகலம் ஏறத்தாழ 2 மி.மீ. மாறும். கோடையில் காடியை முட்டும்படி இறுக்கிச் செருகிய பலகை, ஐப்பசி மழையில் உப்பிச் சட்டத்தைத் தள்ளும்; கழுந்தின் தோள் விலகும். மழைக்காலத்தில் காடிக்குள் சிறிதளவே நுழைத்த பலகை, சித்திரையில் சுருங்கிப் பாலிஷ் படாத வெளிர்கோட்டைக் காட்டும். சில வேளை காடியை விட்டே வெளிவரும்.

எனவே காடி 12 மி.மீ. ஆழம் இருப்பது நல்லது. பலகையின் நாக்கு அதில் 10 மி.மீ. நுழைந்து, இரு பக்கமும் 2 மி.மீ. காலியாக நிற்கலாம். மழைக்காலத்தில் செய்யும் கதவுக்கு இந்த இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாம். கோடையில் செய்வதற்குக் குறைக்கக் கூடாது. பலகையின் ஓரத்தைச் சரிக்கும் கட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, நாக்கின் தட்டையான பகுதி குறைந்தது 10 மி.மீ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காடியின் வாயிலிருந்தே சரிவு தொடங்கினால், பலகை சுருங்கும்போது காடிக்குள் ஆடத் தொடங்கும். பலகைக்குப் பசை போடக்கூடாது. கதவைக் கூட்டும் முன்பே பலகைக்கு ஒரு கை பாலிஷ் பூசிவிட வேண்டும்.

## வேலையின் வரிசை

சட்டங்களை ஒரே பருமனில் இழைத்த பின், முதலில் துளைகளை அடிக்க வேண்டும். துளைக்கு ஏற்பக் கழுந்தைச் சீவுவது எளிது. கழுந்துக்கு ஏற்பத் துளையைத் திருத்துவது கடினம். அடுத்துக் கழுந்து எடுத்து, அதன் பிறகு முனைகளில் எதிர்வடிவம் வெட்ட வேண்டும். மோல்டிங்கையும் காடியையும் நீளவாக்கில் ஓட்டுவது கடைசி வேலை. முனை வெட்டும்போது ஓரத்தில் சிலும்பு பெயர்ந்தால், பின்னர் ஓட்டும் மோல்டிங் அதைச் சீவி எடுத்துவிடும். வரிசையை மாற்றினால், சீராக ஓட்டிய மோல்டிங் முனையில் பிய்ந்துபோகும்.

ஒவ்வொரு முறையும் உதிரித் துண்டு ஒன்றில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே கதவின் மரத்தைத் தொட வேண்டும். அந்த உதிரித் துண்டை எறியாமல் வைத்துக்கொண்டால், அடுத்த கதவுக்கு கட்டரின் உயரத்தை அதை வைத்தே சரிசெய்யலாம்.

## பாதுகாப்பு

ஷேப்பர், விரல்களைப் பறிக்கும் இயந்திரங்களில் முன்னணியில் நிற்பது. கட்டர் தேர்வும் இதில் பங்கு வகிக்கிறது. மரத்துக்குக் கீழே இருந்து வெட்டும் வகையில் கட்டரை மாட்ட முடிந்தால், மரமே கட்டரை மூடும் மூடியாகிறது. மரத்தைச் சுழற்சிக்கு எதிர்த்திசையிலேயே தள்ள வேண்டும். குறுக்குச்சட்டத்தின் முனையைக் கையால் பிடித்து வெட்டவே கூடாது. பிடிப்பான் பூட்டிய தள்ளுவண்டியில் இறுக்கி, பின்னால் தாங்குகட்டை வைத்துத் தள்ள வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் ஸ்பிண்டிலை ஒரு சுற்றுக் கையால் சுற்றிப் பார்த்தால், எங்கேனும் முட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

## கடையில் கேட்க வேண்டியவை

கதவு கட்டர் வாங்கச் செல்வோர் கையில் இந்த அளவுகளை எழுதிச் செல்வது பயன் தரும்: கதவின் பருமன், கழுந்தின் பருமன், கழுந்தின் நீளம், துளையிடும் உளியின் அகலம், ஸ்பிண்டிலின் விட்டமும் நீளமும், இயந்திரத்தின் சுழற்சி வேகங்கள், மோட்டாரின் திறன். கட்டரைக் கையில் எடுத்ததும், பொறித்த உச்ச சுழற்சி எண், பற்றவைப்பில் கீறல், பற்களின் சம அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மழுங்கிய பின் அதே ஊரிலோ மதுரையிலோ தீட்டித் தர ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். தீட்டும்போது பல்லின் முன்முகத்தை மட்டும் தேய்த்தால்தான் வடிவம் மாறாமல் இருக்கும்.

புதிதாகத் தொடங்கும் பட்டறைக்கு நான்கு கட்டர்கள் போதுமானவை: கழுந்துக்கும் நிலையின் படிவெட்டுக்கும் இரட்டைக் கதவு சேரும் ஓரத்துக்கும் உதவும் ஒரு நேர் கட்டர், அகலம் கூட்டக்கூடிய ஒரு காடி கட்டர், ஒரு மோல்டிங்–எதிர்வடிவ இணை, பலகை ஓரம் சரிக்கும் ஒரு கட்டர். பத்து வடிவங்களை மலிவாக வாங்குவதைவிட, ஒரு நல்ல வடிவத்தை நல்ல உலோகத்தில் வாங்கி, அதற்கேற்ற குட்டை ஸ்பிண்டிலையும் சேர்த்துக்கொள்வது மேல். அப்போது கட்டருக்காகக் கழுந்தைக் குறைக்க வேண்டிய தேவை வராது.